கடலால் வந்தவனும் களப்புக்காரரும்

காலை ஒன்பதரை மணிக்கு நட்சத்திரம் பார்க்கிறவள் என்று கல்பிட்டிக் கண்டக்குழியில் எனக்கொரு பெயர் இருக்கிறது. கரையில் வலை இழுக்கிறவர்கள் வைத்த பெயர். "என்ன டீச்சர், இண்டைக்கு வானம் வெளிச்சிரிக்கா?" என்று கேட்டுவிட்டு, மண்டையைப் பிளக்கிற வெயிலை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். நான் டீச்சரும் இல்லை. லப்டொப்பும் கையுமாகத் திரிகிற பெண் வேறு யாராக இருக்க முடியும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

உண்மையில் அவர்கள் சொல்வது சரி. நான் பகலில்தான் நட்சத்திரம் பார்க்கிறேன். நான் பாவிக்கிற தொலைகாட்டி சிலி நாட்டில் ஒரு மலையுச்சியில் இருக்கிறது. அங்கே நடுச்சாமம் ஆகிறபோது இங்கே பாண்காரன் வந்துபோய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வீடுகளில் மீன் கழுவுகிற நேரம். இரவிரவாகக் கண் விழித்து வானத்தைப் பார்க்கிற விஞ்ஞானிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் இரவு இஷா தொழுததும் நித்திரைக்குப் போய்விடுவேன்.

அன்றைக்கும் அப்படியொரு காலை. காற்றுக் காலம். என் கணவர் இர்பான் நடத்துகிற கபானா விடுதியின் சாப்பாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எத்தாளையில் எங்கள் வீட்டு இன்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். இங்கே காற்றாடியைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் பறக்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்குவதால் நல்ல லைன் எடுத்து வைத்திருக்கிறார். அவர்கள் சாப்பிட்ட கோப்பைகளை எடுக்க முன்பே நான் மேசையைப் பிடித்துவிட்டேன். கீபோர்டுக்குள் மண். பல்லிடுக்கில் மண். தேத்தண்ணியின் அடியிலும் மண்.

மூலைக் கதிரையில் உம்மா. கையில் தஸ்பீஹ் மணி, காலடியில் சாப்பாட்டுக் கெரியர். எத்தாளையிலிருந்து விடியக்காலமே த்ரீவீலில் வந்து இறங்கிவிட்டார்.

"நீங்க எதுக்கு உம்மா வந்தீங்க? இதென்ன பிரசவமா?"

"ஒன்ட வேலைக்கு நான் துஆக் கேக்கக் கூடாதா? நீ ஒன்ட பொட்டியப் பாத்துட்டு இரி."

பெட்டிக்குள்ளிருந்து மத்தேயோ பேசினார். அந்த மலையில் தொலைகாட்டியைத் திருப்புகிற ஒப்பரேட்டர் அவர். சின்னச் சதுரத்துக்குள் தொப்பி போட்ட ஒரு முகம், அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் பழக்கம். "நீங்கள் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் தெரிகிறார்கள். எவரை எடுக்கட்டும்? கிழக்கில் இருப்பவரா, மேற்கில் இருப்பவரா?"

"மேற்கு" என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிழக்கும் தெரியும், மேற்கும் தெரியும். அந்த ஒரு சொல் என்னை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

பாண்காரனின் பாட்டு

போன வாரங்களில் இந்தப் பத்தியில் என் படிப்புக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். படித்துவிட்டு என்னதான் செய்கிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒருவர் தன் மகளின் பெயருக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டிருந்தார். அந்த வேலை நான் பார்ப்பதில்லை, மன்னிக்க வேண்டும்.

என் வேலையைச் சொல்ல எங்கள் ஒழுங்கைக்கு வர வேண்டும். காலையில் பேக்கரிப் பாண் வண்டி வரும். த்ரீவீலில் ஒலிபெருக்கி கட்டி, அதே பாட்டு, எந்நாளும் அதே பாட்டு. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. வந்துவிட்டான் என்று தெரியும். ஆனால் எந்த ஒழுங்கையில் நிற்கிறான்? முன்வாசல் கேற்றுக்கு ஓடினால் பின்னொழுங்கையில் கேட்கும். பின்னால் ஓடினால் அவன் முன்னால் வந்து போயிருப்பான். எத்தனை நாள் பாண் இல்லாமல் பிட்டு அவித்திருக்கிறோம் தெரியுமா?

வானத்தில் நான் செய்வதும் அந்த ஓட்டம்தான். அங்கே சில இடங்களிலிருந்து ரேடியோ அலைகள் வந்துகொண்டிருக்கின்றன. படத்தில் ஒரு புள்ளி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அநேகமாக அது ஏதோவொரு நட்சத்திர மண்டலத்தின் நட்ட நடுவில் இருந்துகொண்டு அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிற கருந்துளையின் சத்தம். சத்தம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வானத்தில் சத்தம் கேட்காதே என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கும் தெரியும்.

ரேடியோத் தொலைகாட்டிக்கு அந்தச் சத்தம் கேட்கும், வீடு தெரியாது. கண்ணாடித் தொலைகாட்டிக்கு வீடுகள் தெரியும், சத்தம் கேட்காது. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இந்தச் சத்தம் இந்த வீட்டிலிருந்துதான் வருகிறது என்று சொல்வது முதல் வேலை. அந்த வீட்டை அளப்பது இரண்டாவது வேலை.

அளப்பது லேசு என்று நினைக்காதீர்கள். களப்போரத்தில், அதாவது உப்பேரிக் கரையில், காணி வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். மாரியில் ஒரு எல்லை, கோடையில் ஒரு எல்லை. நட்சத்திர மண்டலமும் விளிம்பில் மங்கி மங்கி இருட்டோடு கலந்துவிடும். இதுதான் எல்லை என்று எங்கேயோ ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, ஏன் அங்கே போட்டாய் என்று கேட்கிறவனோடு சண்டை பிடிக்க வேண்டும். எனக்கு இந்தச் சண்டை பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது தூரத்தை அளப்பது. வீட்டிலிருந்து வருகிற வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒரு பட்டை கிடைக்கும், நிறமாலை. அதில் ஒட்சிசன், மெக்னீசியம் என்று ஒவ்வொன்றும் தன் கோட்டைப் போட்டிருக்கும். தூரம் கூடக் கூட அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆனால் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதாது. அது யாருடைய கோடென்று சத்தியம் பண்ண முடியாது. நிக்காஹ்வுக்கு வேண்டியதுபோல இதற்கும் இரண்டு சாட்சி வேண்டும்.

ஹோஸ்ட் என்றால் யார்?

சத்தம் வருகிற அந்த வீட்டுக்கு எங்கள் தொழிலில் 'ஹோஸ்ட்' என்று பெயர். தமிழில் எப்படி எழுதலாம் என்று அகராதியைப் புரட்டினேன். விருந்தோம்புநர் என்று போட்டிருந்தது. கருந்துளைக்கு இலை போட்டுப் பரிமாறுகிறவர் போல! மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் புத்தளத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையே இல்லை. தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு இங்கே வந்தார்கள். பின்னாலேயே பைல்களும் வாகனங்களுமாக உத்தியோகத்தர்கள் வந்தார்கள். வந்து எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். இருந்த ஆக்கள் 'ஹோஸ்ட்'. இடம்பெயர்ந்து வந்த ஆக்கள் 'ஐடிபி'. கையெழுத்துப் போடத் தெரியாத மாமிமார்கூட இந்த இரண்டு இங்கிலீசுச் சொல்லையும் சுத்தமாகச் சொல்வார்கள். இது ஹோஸ்டுக்குக் கட்டின கிணறு, அது ஐடிபிக்குக் கட்டின கிணறு. தண்ணீர் என்னவோ ஒரே உவர்தான்.

அதனால்தான், வெளிநாட்டில் படித்து முடித்து வந்த புதிதில், "உம்மா, நான் ஹோஸ்டைத் தேடுற வேலை செய்றன்" என்று சொன்னபோது உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கா இவ்வளவு படிச்ச? நாங்கதானே புள்ள ஹோஸ்ட்!"

இர்பான் ஐடிபி. மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அப்போது அவருக்கு ஐந்து வயது. கல்பிட்டிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டதும், யாரோ ஒரு துண்டுப் பாணைக் கையில் திணித்ததும்தான் ஞாபகம் என்பார். அந்தப் பாணில் உப்புத் தண்ணீர் பட்டிருந்ததாம். அதற்குப் பிறகு அவர் இங்கேதான் படித்தார். இங்கேதான் தொழில் தொடங்கினார், இங்கேதான் என்னைக் கட்டினார்.

இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். "எந்த ஊர்?" "எத்தாளை" என்பார். "அது சரி. சொந்த ஊர்?" அந்த இரண்டாவது கேள்வி வராத கலியாண வீடு இல்லை, மையத்து வீடு இல்லை. அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உம்மாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். மருமகன் என்றால் அவருக்கு உயிர். நல்ல மீன் வந்தால் நடுத்துண்டு அவருக்குத்தான், பெற்ற மகளுக்கு வால். ஆனால் ஒரு பிடிவாதம். மருமகனின் கபானாவுக்கு வந்தால் ஒரு பிளேன்டீ தவிர ஒன்றையும் வாயில் வைக்க மாட்டார். வீட்டிலிருந்து கெரியரில் சோறு கட்டிக்கொண்டு வந்து, தானும் தின்று, அவருக்கும் போட்டுவிட்டுப் போவார். அத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போடுகிற மனிதருக்கு!

"ஏன் உம்மா இப்பிடிச் செய்றீங்க? அவருக்கு மனசு நோகாதா?"

"வந்த புள்ளைகளுக்கு நாங்க குடுக்கிறதுதான் அழகு. அவங்கட்ட வாங்கித் திண்டா என்னத்துக்கு நாங்க இருந்த ஆக்கள்?"

அன்புதான். சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கெரியர் திறக்கிறபோது இர்பானின் முகம் ஒரு பொட்டு வாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மங்கினவன்

எங்கள் குழுவின் ரேடியோப் புள்ளிகளில் ஒன்றுக்கு மட்டும் வீடு அகப்படவே இல்லை. பழைய ரேடியோப் படம், புள்ளி எங்கே என்று கொஞ்சம் முன்பின்னாகத்தான் சொன்னது. அந்த இடத்தைக் கண்ணாடிப் படத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கு நடுவில் வந்து விழுந்தது. வலப்பக்கம் நல்ல வெளிச்சமான, சுருள் சுருளாக அழகான ஒரு மண்டலம். இடப்பக்கம் விரலால் தேய்த்துவிட்டது போல மங்கலாக ஒன்று.

இர்பான் ஒருநாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கொட்டில் சுவரில் அவர் மாட்டி வைத்த கல்பிட்டி வரைபடம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கடல் எது, களப்பு எது என்று காட்டுவதற்கு. அதைக் காட்டிச் சொன்னார்.

"இது எங்கட கல்பிட்டியேதான், பார். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு. வலப்பக்கம் நிக்கிறவர் களப்புக்காரர். நல்ல வெளிச்சம், காணி பூமி எல்லாம் இருக்கு. உன்ர ஆக்கள். இஞ்சால மங்கிப்போய் நிக்கிறவன் கடலால வந்தவன். அது நான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர்களுக்கு அதுதான் பெயர். கடலால் வந்தவன், களப்புக்காரர். உம்மாகூடக் கேட்பார், "என்னவாம் ஒன்ட களப்புக்காரர்?" என்று.

எங்கள் குழுவின் தலைவி ஐரோப்பாவில் இருக்கிறார். நல்ல மனுசி, ஆனால் அவசரக்காரி. வெளிச்சமாக இருப்பதை வீடென்று போடு, மனமில்லையென்றால் வீடில்லை என்று போட்டு அந்தப் புள்ளியையே தூக்கிவிடு என்றார். நான் மாட்டேன் என்றேன். வெறும் பாசத்தில் இல்லை. அகச்சிவப்பில் எடுத்த ஒரு படத்தில் களப்புக்காரர் அடங்கிப்போக, மங்கினவன் எழும்பி நின்றான். தூசுக்குப் பின்னால் ஏதோ எரிகிறது என்று என் தொழில் புத்தி சொன்னது.

ஆனாலும் ஒருநாள் அலுத்துப்போய் 'வீடில்லை' என்று தட்டினேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இர்பான் கத்தியைக் கீழே வைத்தார்.

"இல்லையெண்டு எழுதாதை. காணேல்லையெண்டு எழுது. ரெண்டும் ஒண்டில்லை."

அவர் குரல் உயர்வது அபூர்வம். நான் அழித்துவிட்டேன்.

கடைசியில் தலைவி இறங்கி வந்தார். எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஓர் இரவில் ஒரு மணித்தியாலத்தை எனக்குத் தந்தார். "உன் மங்கினவனின் தூரத்தைக் கொண்டு வா. அது கையில் இருந்தால் நீ அங்கிருந்தே வேலை செய்ய இன்னும் இரண்டு வருடம் கேட்டு வாங்குவேன். இல்லாவிட்டால் என்னால் வழி இல்லை. இந்த மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. இங்கே ஒரு வேலை இருக்கிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு."

பெட்டி கட்டுவது எனக்குப் புதிது இல்லை. கலியாணம் முடித்த கையோடு படிக்கப் போய், மூன்று வருடம் போனில் குடும்பம் நடத்தியவள் நான். அவர் நோன்பு திறக்கும்போது நான் வகுப்பில், நான் அழும்போது அவர் நித்திரையில். இனி அப்படி ஒரு வாழ்க்கை என்னால் முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் புருஷனைப் பிடிக்கும். காலையில் அவர் கொண்டுவந்து வைக்கிற, மண் விழுந்த தேத்தண்ணி பிடிக்கும். அந்த ஒரு மணித்தியாலம் பிழையாகிப்போனால் இதெல்லாம் போய்விடும்.

அதனால்தான் உம்மா தஸ்பீஹோடு மூலையில் குந்தியிருந்தார்.

மேற்கு

முதல் அரை மணித்தியாலம் முடிந்தது. திரையில் பட்டை விழுந்தது. பளிச்சென்று, தடிப்பாக, அழகாக.

முதலில் சந்தோசப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. மங்கினவனிடம் இவ்வளவு வெளிச்சம் ஏது?

படத்தைத் திறந்து பார்த்தேன். தொலைகாட்டி நின்றது களப்புக்காரர் மேல்.

நிலத்தின் வரைபடத்தில் இடப்பக்கம் மேற்கு. வானத்தின் படத்தில் இடப்பக்கம் கிழக்கு. நிலத்தை மேலேயிருந்து குனிந்து பார்க்கிறோம், வானத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். பக்கம் மாறிவிடும். இந்தப் படிப்பில் முதல் வாரமே சொல்லித் தருவது இது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் மத்தேயோ கேட்டபோது என் மனதில் இருந்தது படம் இல்லை, பெயர். கடலால் வந்தவன். கல்பிட்டியில் பிறந்தவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கடல் எங்கே என்று கேட்டாலும் மேற்கு என்றுதான் வாய் சொல்லும். பொழுது அங்கேதானே விழுகிறது. மட்டக்களப்பில் பிறந்திருந்தால் கடல் கிழக்கென்று சொல்லித் தப்பியிருப்பேன்!

"யா அல்லாஹ்!"

உம்மா கதிரையோடு எழும்பினார். "என்ன புள்ள, கரண்ட் போச்சா?"

இர்பான் குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடி வந்தார்.

"ஆள் மாறிப்போச்சு. களப்புக்காரர எடுத்துட்டாங்க. நான்தான் மேற்கெண்டு சொன்னன்."

அவர் திரையைப் பார்த்தார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். மெல்ல விளங்கியது. முகம் செத்துவிட்டது. "நான் வச்ச பேரால வந்தது."

"உங்கட பேரில பிழையில்ல. எங்கட கடல்லதான் பிழை."

"எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கு?"

"அரைவாசி."

"பிறகென்ன என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்? அந்தாளோட கதை!"

கதைத்தேன். மத்தேயோ, மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டியது கிழக்கில் இருப்பவர். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, கிழக்கு" என்றார். பிறகு, "காற்று எழும்புகிறது. இன்னும் கூடினால் மூட வேண்டி வரும்" என்றார்.

அங்கேயும் காற்று, இங்கேயும் காற்று. கொட்டிலின் கிடுகு படபடவென்று அடித்தது. களப்பில் அந்தப் பிள்ளைகள் காற்று நல்லா இருக்கென்று கூச்சல் போட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும் போலிருந்தது. தஸ்பீஹ் மணிகள் வேகமாக ஓடின. இர்பான் அகப்பையைக் கீழே வைக்காமலே நின்றார், பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தும் அவர் அசையவில்லை.

மூடவில்லை. நேரம் முடிந்தது. திரையில் விழுந்ததைப் பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இருட்டில் ஒரு நூல் இழை. மத்தேயோ நல்லது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

இனித்தான் என் வேலை. வானத்துக்கும் சொந்த வெளிச்சம் இருக்கிறது. இருட்டென்று நாம் நினைக்கிற வானம் கொஞ்சம் மினுங்கிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கழித்து, கருவியின் அழுக்கைக் கழித்து, மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். கல் நிறைந்த அரிசியை அரிக்கிற வேலை. அவசரப்பட்டால் அரிசியும் போய்விடும். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள் பின்னேரம் அஸர் பாங்கு கேட்டுத்தான் நிமிர்ந்தேன். இடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. மூவரில் ஒருவரும் சாப்பிடவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

சிவப்புப் பக்கத்தில் ஒரு கோடு. ஒல்லியாக, நேராக. ஒட்சிசனாக இருக்கலாம்.

"ஒரு சாட்சி வந்தாச்சு" என்றேன்.

"மற்றது?" என்றார் இர்பான். காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சுக் கேட்டது.

அது ஒட்சிசன் என்றால் மெக்னீசியம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். நீலப் பக்கத்தில், இரைச்சல் கூடிய இடத்தில். அங்கே போய்ப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் விலகிப் பார்த்தேன். மணல் மேடு மாதிரி அகலமாக, தாழ்வாக, அவசரமே இல்லாமல் எழும்பி இறங்கியது. கணக்குச் சொன்ன அதே இடத்தில்.

அந்த அகலம்தான் பெரிய சங்கதி. கருந்துளையைச் சுற்றித் தலைதெறிக்க ஓடுகிற வாயுதான் அப்படி அகலமான கோடு போடும். களப்புக்காரரின் பட்டையில் அப்படி ஒன்றும் இல்லை. வயசான நட்சத்திரங்கள், அமைதியான குடும்பம். அவர் எங்களுக்கு எவ்வளவோ கிட்ட இருக்கிறார். மங்கினவனுக்கும் அவருக்கும் ஒரு சொந்தமும் இல்லை, பார்வைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். மங்கினவனின் வெளிச்சம் புறப்பட்டபோது இந்தப் பூமியே இல்லை. அவ்வளவு தூரம். அவ்வளவு தூரம் வந்தும் எங்கள் கொட்டில் வரை வந்து சேர்ந்துவிட்டது.

நான் அழுதேன். கண்ணில் மண் விழுந்ததென்று சொன்னால் கண்டக்குழியில் யாரும் நம்புவார்கள். மண் இல்லை, அழுகைதான்.

தலைவிக்கு இரண்டு பட்டையையும் அனுப்பிவிட்டு அழைத்தேன். அவர் இரண்டையும் திறந்து பார்த்தார். பிறகு, "இரண்டு பேரையும் எடுத்தாயே, அதுதான் புத்திசாலித்தனம். மங்கினவனை மட்டும் கொண்டு வந்திருந்தால் வெளிச்சமானவர்தான் வீடென்று கடைசிவரை உன்னோடு வாதாடியிருப்பேன்" என்றார்.

புத்திசாலித்தனமும் இல்லை, ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் கடல் மேற்கே இருக்கிறது, அதனால் வந்தது என்று சொன்னேன். அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "கடல் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். நீ அங்கேயே இரு. இரண்டு வருடத்துக்கு எழுதுகிறேன்" என்றார்.

சோறு

உம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போனை வைத்ததும் கேட்டார்.

"என்னவாம்? போறியா, இரிக்கிறியா?"

"இரிக்கிறன் உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்." தஸ்பீஹை முத்தமிட்டு மடியில் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அழுது முடித்தால் அடுத்தது சாப்பாடுதான் அவருக்கு. குனிந்து கதிரைக்கடியில் இருந்த கெரியரை வெளியே இழுத்தார். இழுத்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப அந்தச் சத்தம் யார்ட வீட்டுலயாம்?"

"கடலால வந்தவன்ட வீட்டுல உம்மா."

இர்பான் குசினி வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துவாய் அப்படியே நின்றது. பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அப்ப மாமி, ஹோஸ்ட் நான்தான்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். வெங்காயக் கத்தியைக் கீழே வைத்த அன்றைக்குக் கேட்ட குரல்.

உம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். திரையில் மங்கிப்போய் நின்றவனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கையில் இருந்த கெரியரைக் கீழே வைத்துக் காலால் கதிரைக்கடியில் தள்ளிவிட்டார். எழும்பி வந்து, என் லப்டொப்பை ஒதுக்கி, மேசையில் உட்கார்ந்தார்.

"பிறகென்ன பாத்துட்டு நிக்கிறீங்க மருமகன்?" என்றார். "பசிக்கிது. வந்த ஆக்களுக்குச் சோத்தப் போடுங்க."